கண்ணுக்குத் தெரிந்த 12.5: ஒரு மீன் சீட்டுப் புரோகிராமும் அதற்காகக் கேட்ட மூன்று கேள்விகளும்

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலையைச் சரிபார்ப்பது, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். நான் சொல்லப்போகும் தம்பியும் அந்த இடைவெளியில்தான் தன் அம்மாவுக்கு ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தான்.

அவன் அம்மா ஏலத்தில் மீன் எடுத்து, தெருவில் கூடை வைத்து விற்கும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். யாருக்கு எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு பாக்கி எல்லாமே ஒரு நீள நோட்டில். விடியற்காலை ஈரக் கையோடு எழுதுகிற நோட்டு. ஐஸ் தண்ணீர் பட்டுப் பட்டு, மார்ச் மாதக் கணக்கில் பாதி பக்கம் நீலமாகக் கரைந்தே போய்விட்டது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் தம்பி, பைத்தான் மொழியில், சாளரம், பட்டன் எல்லாம் செய்ய அதோடு வரும் டிகின்டர் என்ற கருவியை வைத்து ஒரு சாளரம் செய்தான். மீன் பெயர், கிலோ, விலை, கீழே ‘சீட்டு’ என்று ஒரு பட்டன். அமுக்கினால் மொத்தம் வர வேண்டும், பாக்கியில் சேர வேண்டும். அவ்வளவுதான். மே மாதக் கடைசியில் அது ஓடவும் ஓடியது.

ஜூன் 4 அன்று ஓடவில்லை.

எங்கள் பக்கம் கோடு, அதாவது புரோகிராம், எழுதுகிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை ஆட்கள்தான். சிலர் வேலைக்குப் போகிறோம், பலர் படிக்கிறார்கள். தம்பி அதில் கேட்ட கேள்விகளையும், எங்களிடமிருந்து வந்த பதில்களையும், கடைசியில் பிழை பிடிபட்ட விதத்தையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். குழுவில் பழைய செய்திகளைத் திரும்பப் படித்துத்தான் எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டுவிட்டேன், எழுதுங்கக்கா என்றான்.

முதல் கேள்வி

ஜூன் 4, இரவு பதினொன்றுக்கு மேல். செய்தி இதுதான்: “ஹாய் ஆல், எண்ட்ரி நாட் டேக்கிங் வேல்யூ. ஹவ் டு ரீஃப்ரெஷ் எண்ட்ரி இன் டிகின்டர்? அர்ஜென்ட்.” எண்ட்ரி என்பது நாம் எழுத்து அடிக்கும் பெட்டி. கூடவே போனில் எடுத்த ஒரு படம். லேப்டாப் திரையின் குறுக்கே டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. ஆனாலும் கிலோ பெட்டியில் 12.5, விலைப் பெட்டியில் 300, கீழே ‘மொத்தம்’ என்ற இடம் காலி என்பது தெரிகிறது.

மறுநாள் காலைக்குள் மூன்று பதில். ஒருவர், திரையை உடனே புதுப்பிக்கும் ‘அப்டேட்’ போட்டுப் பார் என்றார். இன்னொருவர், ‘ஆஃப்டர்’ வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து வாசி என்றார். மூன்றாமவர் டிகின்டரையே விட்டுவிட்டு பைக்யூடி என்ற வேறொரு சாளரக் கருவிக்கு மாறச் சொன்னார். தம்பி முதல் இரண்டையும் செய்து பார்த்தான். இரண்டு நாள் போனது. பிழை அப்படியே இருந்தது. போதாக்குறைக்குக் கோடில் ஏழெட்டு இடத்தில் ‘அப்டேட்’ முளைத்திருந்தது. ஒரு பட்டனின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் அதைக் கூப்பிட்டால், காத்திருக்கும் அடுத்த அமுக்கலும் உள்ளே புகுந்துவிடும். ஒரு சீட்டு இரண்டாக வாய்ப்புண்டு. பாக்கிக் கணக்குக்கு அது ஆபத்து.

பதில் சொன்ன மூவரும் தப்பாக எதையும் சொல்லவில்லை. ரீஃப்ரெஷ் செய்வது எப்படி என்று கேட்டான், ரீஃப்ரெஷ் செய்யும் வழிகளைச் சொன்னார்கள். ஆனால் அவன் கேட்டது பிழையைப் பற்றி இல்லை. பிழைக்கு மருந்து என்று அவனே நினைத்துக்கொண்ட ஒன்றைப் பற்றி. காய்ச்சல் என்று சொல்லாமல், இந்த மாத்திரையை எத்தனை வேளை போடுவது என்று மருந்துக் கடையில் கேட்பது மாதிரி. கடைக்காரர் வேளையைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

‘நாட் டேக்கிங்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் படித்த எனக்கு, பெட்டியில் எழுத்தே விழவில்லை போல என்று தோன்றியது. ‘ஆஃப்டர்’ சொன்னவர், எழுதுவது திரையில் தாமதமாக வருகிறது என்று எடுத்துக்கொண்டார். பின்னால் போனில் பேசும்போது தம்பி தமிழில் சொன்னது இது: “எழுத முடியுதுக்கா. நான் அடிச்சது பெட்டில நிக்குது. ஆனா பட்டன அமுத்தினா அத எடுத்துக்க மாட்டேங்குது, ஒண்ணும் ஆவல.” எங்கள் மூன்று ஊகங்களில் இரண்டை இந்தப் பேச்சு அங்கேயே வெட்டிவிட்டது. கணினி விஷயம் என்றால் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு எங்கிருந்தோ ஒரு நினைப்பு. கேட்கப்போவது தமிழ் ஆட்களிடம் என்றால் நடந்ததைத் தமிழில் சொல்லுங்கள். பிழைச் செய்தியும் கோடும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே இருக்கட்டும். நடுவில் வரும் கதை, நீங்கள் வீட்டில் பேசுகிற மொழியில் வரட்டும்.

இன்னொன்று, கேள்வி ஏன் அத்தனை சின்னதாக இருந்தது என்பது. பிறகு கேட்டேன். “எல்லாரும் வேலைல இருப்பீங்க, பெருசா எழுதினா தொந்தரவா இருக்கும்னு நெனச்சேன்க்கா.” அதாவது அது மரியாதை. பெரியவர்களிடம் நீட்டிப் பேசக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருக்களில் முதன்முதலாக லேப்டாப் வாங்கிய வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு வரிக் கேள்வி, படிப்பவருக்கு மிச்சம் பிடித்துத் தருவது இருபது நொடிதான். அதன் பிறகு ஊகத்தில் போகும் நேரம் எல்லோருடைய கணக்கிலும் ஏறுகிறது.

இரண்டாவது கேள்வி

ஜூன் 6. இந்த முறை நேர் எதிர். “பட்டன் வேலை செய்யவில்லை, தயவுசெய்து யாராவது பாருங்கள்” என்று எழுதி, 640 வரிக் கோடையும் வாட்ஸ்அப்பிலேயே ஒட்டிவிட்டான். போன் திரை அகலத்துக்கு ஒவ்வொரு வரியும் இரண்டாக, மூன்றாக மடிந்துவிட்டது. பைத்தானில் வரி எங்கே தள்ளி ஆரம்பிக்கிறது என்பதுதான் இலக்கணமே. மடிந்த கோடில் எது எதற்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. யாரும் பதில் சொல்லவில்லை. நானும் அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் திரும்பப் பார்க்கையில், ஒரு நாள் முழுக்க அந்தச் செய்தி கேட்பாரில்லாமல் நிற்பது உறுத்தியது. கூப்பிட்டேன்.

போனில் நான் கேட்டது நான்கே விஷயம். என்ன செய்தாய், வரிசையாகச் சொல். என்ன வரும் என்று எதிர்பார்த்தாய். என்ன வந்தது. பைத்தான் தன் செய்திகளை எழுதும் கறுப்புச் சாளரத்தில் என்ன எழுதியிருக்கிறது.

முதல் மூன்றுக்கும் நன்றாகச் சொன்னான். நான்காவதற்கு, “அதுல ஒண்ணும் வர்லக்கா” என்றான். கறுப்புச் சாளரமே இல்லையாம். அது திறந்து கிடந்தால் அம்மா எதற்கு இது என்று எக்ஸை அமுக்கி மூடிவிடுகிறாராம், புரோகிராமும் சேர்ந்து மூடிக்கொள்கிறதாம். அதனால் கோப்பின் பெயரில் பி, ஒய் என்று முடிவதைப் பி, ஒய், டபிள்யூ என்று மாற்றி, டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டிருக்கிறான். விண்டோஸில் அப்படிச் செய்தால் கறுப்புச் சாளரம் இல்லாமல் ஓடும். அம்மாவுக்கு நல்லதுதான். ஆனால் பிழையைச் சொல்லும் வாயும் அடைபட்டுவிடுகிறது.

இது வரைகலை இடைமுகத்துக்கே, அதாவது சாளரமும் பட்டனும் வைத்த புரோகிராமுக்கே, உரிய சங்கடம். சாதாரணப் புரோகிராமில் பிழை வந்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும், முகத்தில் அடித்தாற்போலத் தெரியும். டிகின்டரில் ஒரு பட்டனின் வேலைக்குள் பிழை வந்தால் சாளரம் மூடாது. பிழையைக் கறுப்புச் சாளரத்தில் எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த அமுக்கலுக்குக் காத்திருக்கும். அந்தக் கறுப்புச் சாளரமும் இல்லை என்றால் நமக்குத் தெரிவதெல்லாம் ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்பதுதான். உண்மையில் பட்டன் ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே போய், இடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பியது.

கமாண்ட் பிராம்ப்ட் என்ற விண்டோஸின் கறுப்புச் சாளரத்தைத் திறந்து அதிலிருந்து ஓட்டச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அவனே கையால் அடித்து அனுப்பியிருந்தான்: வேல்யூ எரர், குட் நாட் கன்வர்ட் ஸ்ட்ரிங் டு ஃப்ளோட்.

எழுத்தை எண்ணாக மாற்ற முடியவில்லை என்கிறது. சரி, எந்த எழுத்தை? பைத்தான் அதையும் சொல்லுமே. அப்படியே காப்பி செய்து அனுப்பு என்றேன். வந்தது. எல்லாம் அவன் அடித்த மாதிரியேதான் இருந்தது, வரியின் கடைசியைத் தவிர. அங்கே ஒரு முக்காற்புள்ளி, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகள். இப்படி: ''

ஏன் அதை விட்டுவிட்டாய் என்று கேட்டால், “அதுக்குள்ள ஒண்ணும் இல்லியேக்கா” என்கிறான்.

ஒன்றும் இல்லை என்பதுதான் செய்தி. அந்த இரண்டு குறிகளுக்கு நடுவில்தான், எண்ணாக மாற்றப் பார்த்த எழுத்தைப் பைத்தான் வைத்துக் காட்டும். நடுவில் காலி என்றால், புரோகிராமின் கைக்கு வந்தது வெற்று எழுத்து. பெட்டியில் 12.5 நிற்கிறது, கோடு வாசித்தது வெறுமை. மூன்று நாள் நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அந்த இரண்டு குறிகளுக்குள் இருந்தது. கையால் திருப்பி எழுதும்போது தனக்குப் பொருள் தெரியாததை மனசு தானாகவே உதிர்த்துவிடுகிறது. அதனால்தான் நான் யாரிடமும் ‘என்ன எரர் வந்தது’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை காப்பி செய்து ஒட்டு’ என்றுதான் கேட்கிறேன்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். அவன் முதல் நாள் அனுப்பிய படம் பொய் சொல்லவில்லை. பெட்டியில் 12.5 இருந்தது. இன்று வந்த பிழைச் செய்தியும் பொய் சொல்லவில்லை. படம் சொல்வது கண் பார்த்ததை, செய்தி சொல்வது புரோகிராம் பார்த்ததை. இரண்டில் ஒன்று மட்டும் கையில் இருந்தால் எந்தப் பக்கமும் நகர முடியாது. முதல் கேள்வியில் கண் பார்த்தது மட்டும் இருந்தது. இரண்டாவதில், கோடு அத்தனையும் இருந்தும், புரோகிராம் என்ன பார்த்தது என்பது இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன், எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது. சாளரம் வைத்த புரோகிராமுக்கு உதவி கேட்கும்போது என்னைப் பொறுத்தவரை உயிர்நாடி இதுதான்.

வெட்டிச் சுருக்கியது

அடுத்து இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். ஒன்று, பட்டனின் வேலை ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு பிரிண்ட். கிலோ பெட்டியில் அடிப்பதை வாங்கி வைத்துக்கொள்ள அதோடு கட்டிவைத்த ஸ்ட்ரிங்வார் என்ற மாறியிடம் கேட்டால் என்ன வருகிறது, பெட்டியிடமே நேராகக் கேட்டால் என்ன வருகிறது. முதலாவதற்கு வெறும் '' வந்தது. இரண்டாவதற்கு '12.5' வந்தது. ஆக, பெட்டிக்குத் தெரிகிறது. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஸ்ட்ரிங்வாருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கயிறு அறுந்திருக்கிறது.

இன்னொன்று, 640 வரியைச் சுருக்குவது. பிழை மறையாத வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். யார் எடுத்து ஓட்டினாலும் அதே பிழை வர வேண்டும். அதில் தேவையில்லாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இதைச் சொன்னவுடன் தம்பிக்கு முகம் சுருங்கியிருக்கும், குரலில் தெரிந்தது. எழுதிய கோடை வெட்ட யாருக்கும் மனசு வராது. காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அதில் வெட்டு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டான். நாற்பது மீன் பெயர்களையும் எடுத்துவிட்டான், பாக்கிக் கோப்பை எடுத்துவிட்டான், நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். ஒரு சாளரம், இரண்டு பெட்டி, ஒரு பட்டன். 16 வரி.

“ஓடுதுக்கா,” என்றான். சந்தோஷமாக இல்லை. “3750 வருது. சின்னதுல பிழையே இல்ல. மறுபடி முதல்லேர்ந்தா?”

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுருக்கியதில் பிழை வரவில்லை, அதனால் சுருக்கியது வீண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அன்றைக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. 16 வரி ஓடுகிறது, 640 வரி ஓடவில்லை. அப்படியானால் திருடன் வெட்டி எறிந்ததில் இருக்கிறான். இனி 640 வரியைப் படிக்க வேண்டாம். எறிந்ததை ஒவ்வொரு கட்டாகத் திரும்ப வைத்துப் பார்த்தால் போதும்.

மீன் பெயர்களை வைத்தான், ஓடியது. பாக்கிக் கோப்பு, ஓடியது. நிறங்கள், ஓடியது. மிச்சம் என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “லாகின் மட்டும்தான்க்கா. ஆனா அதுல பிரச்சினையே இல்ல, அது நல்லா வேல செய்யுது” என்றான்.

பாக்கிக் கணக்கை வேறு யாரும் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதற்காக, ஜூன் 3 இரவு, நான்கு இலக்கப் பின் கேட்கும் ஒரு சின்னச் சாளரத்தை முன்னால் சேர்த்திருக்கிறான். அன்றைக்கே நிறங்களையும் மாற்றினான், ஷார்ட்கட்டும் போட்டான். மறுநாள் ஓடவில்லை. கடைசியாக என்ன மாற்றினாய் என்று நான் முன்பே கேட்டிருந்தேன். நிறங்களைச் சொன்னான், ஷார்ட்கட்டைச் சொன்னான், லாகினைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது நன்றாக ஓடுவதால் சந்தேகப் பட்டியலிலேயே அதை அவன் சேர்க்கவில்லை. எது தொடர்புள்ளது, எது தொடர்பில்லாதது என்று பிழையால் தவிப்பவரே வடிகட்டிச் சொல்லும்போது நடப்பது இது. காரணம் தெரிந்திருந்தால்தானே தொடர்பு தெரியும்.

லாகினின் ஆறு வரியைச் சேர்த்தான். மொத்தம் காலி. 22 வரியில் பிழை வந்து நின்றது.

மூன்றாவது கேள்வி

அன்று சாயங்காலம் குழுவில் அவன் போட்டதை அப்படியே தருகிறேன்.

“விண்டோஸ் 10, பைத்தான் 3.11, டிகின்டர். லாகினில் பின் போட்டு உள்ளே போகிறேன். கிலோவில் 12.5, விலையில் 300 அடிக்கிறேன். ‘சீட்டு’ பட்டனை ஒரு முறை அமுக்குகிறேன். கீழே 3750 என்று வர வேண்டும். ஆனால் திரையில் எந்த மாற்றமும் இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் வந்த செய்தி முழுவதையும் கீழே ஒட்டியிருக்கிறேன். பட்டனுக்குள் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன்: ஸ்ட்ரிங்வார் தருவது '', அதே பெட்டியை நேராகக் கேட்டால் தருவது '12.5'. பிழை வரும் 22 வரிக் கோப்பை இணைத்திருக்கிறேன், எடுத்து ஓட்டலாம். லாகின் வரிகள் ஆறையும் எடுத்துவிட்டால் சரியாக ஓடுகிறது. லாகின் இருந்தால் ஏன் ஸ்ட்ரிங்வார் காலியாகிறது? அப்டேட், ஆஃப்டர் இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.”

நான்கு நிமிடத்தில் பதில். சொன்னவர், அந்தப் புரோகிராம் எதற்கென்றே தெரியாதவர்: “இரண்டு டிகே திறந்திருக்கிறாய். இரண்டாவதை டாப்லெவல் ஆக்கு.”

நான்கு நாள், நான்கு நிமிடம். பதில் சொன்னவரின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஜூன் 4 அன்றும் அவர் குழுவில்தான் இருந்தார்.

ஏன் அப்படி ஆனது

டிகின்டர் தானே சாளரம் வரைவதில்லை. 1980களின் கடைசியில் பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிசிஎல் என்ற மொழியும், அதற்காக அவர் செய்த டிகே என்ற சாளரக் கருவியும் அடியில் ஓடுகின்றன. நாம் பைத்தானில் சொல்வதை டிகின்டர் டிசிஎல்லிடம் போய்ச் சொல்கிறது. ஒவ்வொரு முறை டிகே என்று கூப்பிடும்போதும் ஒரு சாளரம் மட்டுமல்ல, புதிதாக ஒரு டிசிஎல் இயக்கமே தனியாகத் தொடங்குகிறது. ஒன்றின் மாறிகள் மற்றொன்றுக்குத் தெரியாது.

தம்பி லாகினுக்கு ஒரு டிகே திறந்தான். பின் சரியாக இருந்தால் அதை மூடாமல் ‘வித்ட்ரா’ சொல்லி மறைத்தான். பிறகு சீட்டுச் சாளரத்துக்கு இன்னொரு டிகே. அங்கே கிலோவுக்கு ஒரு ஸ்ட்ரிங்வார் உண்டாக்கினான். எந்தச் சாளரத்துக்கு என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் டிகின்டர் முதலில் திறந்த சாளரத்துக்குத்தான் அதைக் கொடுக்கும். அதாவது, மறைந்து கிடக்கும் லாகினுக்கு. பெட்டியோ இரண்டாவது சாளரத்தில்.

ஸ்ட்ரிங்வாருக்கு டிசிஎல் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. பிஒய்-வார்-பூஜ்யம், பிஒய்-வார்-ஒன்று என்று வரிசையாகப் போகும். பெட்டிக்குக் கொடுக்கப்படுவது அந்தப் பெயர் மட்டும்தான். நம் சென்னையில் தெருப் பெயர் போடாமல் கதவு எண் மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் என்ன ஆகும்? பக்கத்துத் தெருவிலும் 4ஆம் எண் வீடு இருக்கும். பெட்டி தன் தெருவில் அந்த எண்ணைத் தேடியது, இல்லை, புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு 12.5ஐ அதில் போட்டது. பட்டனின் கோடு லாகின் தெருவில் அதே எண் வீட்டைத் திறந்து பார்த்தது. அங்கே யாரும் எதுவும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் தன் வேலையைச் சரியாகச் செய்தது, அதனால்தான் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

மே மாதம் ஏன் ஓடியது என்பதும் இப்போது தெரிகிறது: அப்போது ஒரே ஒரு டிகே. லாகினை மறைக்காமல் ‘டிஸ்ட்ராய்’ சொல்லி அழித்துவிட்டு, அதன் பிறகு சீட்டுச் சாளரத்தைத் திறந்திருந்தாலும் பிழை வந்திருக்காது. முதல் சாளரம் போனதும் அடுத்து வருவது முதல் ஆகிவிடும். ஸ்ட்ரிங்வார் உண்டாக்கும்போது இது எந்தச் சாளரத்துக்கு என்று சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் ஒரு புரோகிராமுக்கு ஒரு டிகே, மற்ற சாளரமெல்லாம் டாப்லெவல், அதாவது அதே டிகேயின் கீழ் வரும் கூடுதல் சாளரம், என்று வைத்துக்கொள்வதுதான் என் பழக்கம். தம்பியும் அப்படியே மாற்றினான். சீட்டுச் சாளரம் முதலில் பிறந்து மறைந்து நிற்கும்; லாகின் ஒரு டாப்லெவலாக முன்னால் வரும்; பின் சரியானால் லாகின் போய்ச் சீட்டு வெளியே வரும். ‘அப்டேட்’ எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தான்.

அதற்கப்புறம்

ஜூன் 12 அன்று இன்னொரு கேள்வி போட்டான். லாகின் சாளரத்தை மூலையில் உள்ள எக்ஸ் அமுக்கி மூடினால் திரையில் ஒன்றும் இல்லை, ஆனால் டாஸ்க் மேனேஜரில் பைத்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்தான், என்ன வர வேண்டும், என்ன வந்தது, 14 வரிக் கோப்பு. எல்லாம் இருந்தது. மறைந்து நிற்கும் முதன்மைச் சாளரத்தை யாரும் மூடவில்லை என்பதுதான் காரணம். டாப்லெவலின் எக்ஸுக்கு ‘புரோட்டகால்’ வழியாக ஒரு வேலை கொடுத்து, அதில் முதன்மைச் சாளரத்தையும் அழித்துவிடச் சொன்னோம். அரை மணி நேரத்தில் முடிந்தது.

கறுப்புச் சாளரம் விஷயத்துக்கும் ஒரு முடிவு கட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அது வேண்டாம். ஆனால் விடியற்காலை ஏலத்துக்கு நடுவில் பட்டன் சும்மா இருந்தால், அவரிடம் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கச் சொல்ல முடியாது. டிகின்டரில் பட்டனுக்குள் வரும் பிழைகள் எல்லாம் ‘ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்’ என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன. அந்த வாசலில் நம் ஆளை நிறுத்தலாம். தம்பி அப்படிச் செய்தான். பிழை வந்தால் ‘கணக்கு ஏறவில்லை, எண்ணைச் சரிபார்க்கவும்’ என்று தமிழில் ஒரு சின்னப் பெட்டி வரும். பைத்தான் சொன்ன முழுச் செய்தியும் தேதி, நேரத்தோடு ஒரு கோப்பில் சேரும்.

14ஆம் தேதி இரவோடு தடை முடிந்தது. படகுகள் போய்த் திரும்பி, ஏலம் சூடு பிடித்து, புரோகிராம் தினமும் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தது. ஜூலையில் ஒரு நாள் தம்பி அந்தப் பிழைக் கோப்பைத் திறந்து எனக்குக் காட்டினான். ஒரே ஒரு பதிவு, காலை 4 மணி 52 நிமிடம். அதே வேல்யூ எரர், அதே சொற்கள். கடைசியில் மட்டும், இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இந்த முறை ஒன்று இருந்தது: '12..5'

அம்மாவின் ஈர விரல் புள்ளியை இரண்டு முறை தட்டியிருக்கிறது. எங்களைக் கேட்பதற்கு முன்பே அவன் அதைச் சரிசெய்துவிட்டிருந்தான்.